திருப்பி அனுப்பிய நாள் யார் கணக்கில்?

செபராங் பிறை வட்டார இடைநிலைப்பள்ளி முதல்வர்களுக்கும், எச்.இ.எம். (மாணவர் நலப் பிரிவு) துணை முதல்வர்களுக்கும், கட்டொழுங்கு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

காலை 7.30-க்கு வாசல் கதவைப் பூட்டி, 7.35-க்கு வந்து நிற்கும் பிள்ளையை வீட்டுக்கே திருப்பி அனுப்பும் பழக்கம் நம் வட்டாரத்துப் பள்ளிகள் சிலவற்றில் நுழைந்திருக்கிறது. எந்தெந்தப் பள்ளி என்று இங்கே எழுதப் போவதில்லை, பூட்டுகிறவர்களுக்குத் தெரியும். தாமதத்தைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். குறைகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐந்து நிமிடம் பிந்தி வந்தவனை உள்ளே விட்டால், நட்டம் முதல் பாடத்தில் ஐந்து நிமிடம். திருப்பி அனுப்பினால் ஒரு முழு நாள். பெயர் கூப்பிட்டபோது அவன் வகுப்பில் இல்லாததால், அந்த நாள் வருகைப் பதிவில் ‘தீடாக் ஹாடிர்’ (வரவில்லை) என்றே ஏறுகிறது. விட்டு விட்டுப் 10 நாள் சேர்ந்தால் முதல் எச்சரிக்கைக் கடிதம், 20-இல் இரண்டாவது, 40-இல் கடைசி, 60-இல் ‘புவாங் செக்கோலா’, அதாவது பள்ளியிலிருந்து வெளியேற்றம். ஆக, பத்து முறை சீருடை போட்டுப் பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்த பிள்ளைக்கும், பத்து நாள் வீட்டில் படுத்துத் தூங்கிய பிள்ளைக்கும் ஒரே கடிதம்தான் போகிறது.

திருப்பி அனுப்பப்பட்டவன் வீட்டுக்கும் போவதில்லை. வீட்டில் பூட்டு தொங்குகிறது. அடுக்குமாடியின் படிக்கட்டில் கொஞ்ச நேரம், பிறகு கார் கழுவும் பட்டறை. அங்கே அன்றைக்கே கையில் காசு. ஏன் லேட் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தபின் அவன் வாசலுக்கு வருவதையே விட்டுவிடுகிறான், நேராகப் பட்டறைக்குப் போகிறான். பதிவேட்டில் ‘தாமதம்’ குறைந்திருக்கும். குறைந்தது எதனால் என்று பதிவேடு சொல்லாது.

பிந்தி வருவதற்கான காரணத்தைக் கேட்டால் பாதிக்கு மேல் சோம்பேறித்தனம் இல்லை. பிறை, பகான் டாலாம், சுங்கை பாக்காப் பக்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்தான். அது இரவு ஷிஃப்ட் முடிந்து காலை 7 மணிக்குத் தொழிற்சாலை வாசலைத் தாண்டுகிறது. வீட்டுக்கு வந்து, தம்பியைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, அக்காவை இடைநிலைப்பள்ளியில் இறக்கும்போது மணி 7.35. தம்பியின் பள்ளியில் வாசல் காவலர் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறார். அக்காவின் பள்ளியில் திறப்பதில்லை.

வாசல் ஒன்றுதான் என்றால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது. “முடி வெட்டிட்டு அப்புறம் வா”, “அப்பாவக் கூட்டிட்டு வா, அதுவரைக்கும் வகுப்பு கிடையாது” என்ற இரண்டும் எந்தக் கோப்பிலும் இல்லாத தண்டனைகள். 1959-ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிகளின்படி இடைநீக்கம் 14 நாளுக்கு மேற்படக்கூடாது, பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். “அப்பாவக் கூட்டிட்டு வா”வுக்கு நாள் கணக்கும் இல்லை, எழுத்தும் இல்லை. அப்பா எப்போது வருகிறாரோ அதுவரை.

அவர் எப்போது வருவார்? 12 மணி நேர ஷிஃப்டில் இருப்பவர் வேலை நேரத்தில் பள்ளிக்கு வரவேண்டுமென்றால் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும். விடுப்பு எடுத்தால், விடாமல் வேலைக்கு வருகிறவருக்குத் தரும் அந்த மாதத்து வருகைப்படி போய்விடும். மகனின் வருகையைச் சரிசெய்ய அப்பா தன் வருகைப்படியை இழக்க வேண்டும் என்பதுதான் இந்த உத்தரவின் பொருள். அதனால் அவர் அடுத்த ஓய்வு நாளுக்காகக் காத்திருக்கிறார். திங்கட்கிழமை சொன்னது வெள்ளிக்கிழமை வரை இழுக்கிறது. தொடர்ந்து 3 நாள் வராவிட்டாலே முதல் கடிதம் அனுப்பலாம் என்பதால், அப்பா வந்து சேருமுன் கடிதம் வந்து சேர்ந்துவிடுகிறது.

தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 2025-இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. பெற்றோருக்குக் கட்டாயம் என்றால், கதவைத் திறந்து வைப்பது பள்ளிக்கும் கட்டாயம்தானே?

அடிதடி, கத்தி, சக மாணவனிடம் பணம் பறிப்பது, வேப் விற்பது போன்றவற்றுக்கு ‘கந்தோங்’ (இடைநீக்கம்) வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அடி வாங்கிய பிள்ளைக்கும் பள்ளி பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டும். நாங்கள் பேசுவது முடி, காலணி, தாமதம், வீட்டுப்பாடம், எதிர்த்துப் பேசியது, மட்டம் ஆகியவற்றைப் பற்றி. அதிலும் மட்டம் போட்டதற்கு இடைநீக்கம் என்பது எங்களுக்கு இன்னும் புரியவில்லை. பள்ளிக்கு வராதவனுக்குத் தண்டனை, இன்னும் ஒரு வாரம் வராதே என்பதா?

மட்டம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பதிவேட்டைப் பக்கவாட்டில் படிக்காமல் மேலிருந்து கீழாகப் படித்தால் வேறு செய்தி கிடைக்கும். ஒரு வகுப்பின் இரண்டு மாதப் பதிவை எடுத்து, வராத நாள்களைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். புதன்கிழமை மட்டும் வராத பிள்ளைகள் தெரிந்தால், அன்று சாரணர் போன்ற சீருடை இயக்க உடை போடும் நாளா என்று பாருங்கள். சட்டை, தொப்பி, கழுத்துத்துணி, இடைவார், சின்னங்கள் எல்லாம் வாங்கித் தர வீட்டில் வழியில்லை. சாதாரண சீருடையில் வந்தால் சபைகூடலில் தனி வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று பிள்ளை முடிவெடுக்கிறது. காய்ச்சல் என்று அம்மா சொல்கிறார். வாரா வாரம் புதன்கிழமை மட்டும் வரும் காய்ச்சல். கடைசியாகப் பள்ளியை முடித்துப் போனவர்களிடமிருந்து உடைகளைத் திரட்டி ஒரு அலமாரியில் வைத்தால் இந்தக் காய்ச்சல் குணமாகிவிடும். அலமாரிச் சாவி கட்டொழுங்கு அறையில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வாய்மொழிப் படைப்பு நாளில் வராதவர்கள் வேறு வகை. மலாயில் நான்கு நிமிடம் வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன பிள்ளைக்கு அது மேடையில் நிற்க வைத்துச் சிரிப்பது மாதிரி. ஆசிரியரிடம் தனியாகப் பேசிக் காட்டலாம் என்று முன்கூட்டியே சொன்னால் வருவார்கள். மாதக் கடைசியில் வராதவர்களுக்குப் பேருந்துக் காசு. மாதம் முழுக்கச் சிதறலாக வராதவர்களைத்தான் உண்மையில் தேடிப் போக வேண்டும். அவர்களில் பெரும்பாலோரைப் பள்ளியில் யாருக்கும் தெரியாது.

தெரியாது என்பதைச் சும்மா சொல்லவில்லை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். பலவற்றில் ஆறாம் ஆண்டு வகுப்பே இருபது பேர்தான். இந்தப் பிள்ளையின் பாட்டி யார், அப்பா எந்தத் தொழிற்சாலை, ஏன் இன்று முகம் வாடியிருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அதே பிள்ளை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படிக்கும் பள்ளியில், முப்பத்தைந்து பேர் கொண்ட வகுப்பில், பத்து ஆசிரியர்களிடம் படிக்கிறது. பத்துப் பேருக்கும் அதன் பெயர் வாயில் நுழைவதில்லை. மலாய் மொழிக்காக ஓராண்டு கூடுதலாகப் படிக்க வைக்கும் புகுமுக வகுப்பு என்றால் இன்னும் மோசம். கூடப் படித்தவர்கள் படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப்பள்ளி முதலாண்டுக்கு) போய்விட்டார்கள், இது மட்டும் ஒரு வருடம் பின்னால். முதல் மூன்று மாதத்தில் அந்தப் பள்ளியில் ஒரு பெரியவராவது அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்றால், பிறகு எத்தனை கடிதம் அனுப்பினாலும் எடுபடாது.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டமோ ஒதுக்கீடோ தேவையில்லை. ஆசிரியர் அறைச் சுவரில் படிவம் ஒன்று, புகுமுக வகுப்பு மாணவர் எல்லாருடைய பெயரையும், முடிந்தால் படத்தையும், ஒட்டுங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் வண்ணப் பேனாவால், தமக்குத் தெரிந்த பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். ‘தெரிந்த’ என்றால் மதிப்பெண்ணையும் குற்றத்தையும் தவிர வேறு ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பந்து விளையாடுவான், அக்காவுக்குக் கல்யாணம், நாய் வளர்க்கிறாள். அரை மணி நேர வேலை. முடிவில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பத்துப் புள்ளி இருக்கும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இருக்காது. புள்ளியில்லாத பெயர்களையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலை மாணவர் கண்ணில் படாமல் எடுத்துவிட மறக்காதீர்கள்.

புள்ளியில்லாத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர். தொடர்ந்து 10 பள்ளி நாள், நாளுக்கு 2 நிமிடம், பாடத்தையும் வருகையையும் பற்றிப் பேசாமல் அவனோடு பேச வேண்டும். அவ்வளவுதான் வேலை. கெட்டுப்போவது மூன்று இடத்தில். முதல் நாளே “நேத்து ஏன் வரல?” என்று ஆரம்பித்தால் அது விசாரணை, பிள்ளை அடுத்த நாளிலிருந்து வேறு பக்கமாகச் சுற்றிப் போகும். நான்காம் நாள் கூட்டம் என்று விட்டுவிட்டால், இவரும் இப்படித்தான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும், தொடங்காமலே இருந்திருக்கலாம். மூன்றாவது, இந்த வேலையைக் கட்டொழுங்கு ஆசிரியரிடமே கொடுப்பது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வந்து பக்கத்தில் நின்றாலே பையன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். கேண்டீன் அக்காவும் நூலகப் பொறுப்பாளரும் பல சமயம் இதற்குப் பொருத்தமானவர்கள்.

தமிழாசிரியர் இருக்கும் பள்ளிகளில் பாதி வேலை தானே நடந்துவிடும். குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்க வசதி செய்து தரவேண்டும் என்பது கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பள்ளி முடிந்தபிறகு, பேருந்து போனபிறகு வைத்துவிட்டு, ‘ஆள் வருவதில்லை’ என்று வகுப்பை மூடுவது எந்த வகை நியாயம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த எச்சரிக்கைக் கடிதம். மேலே கோப்பு எண். கீழே ‘துவான்/புவான்’ (ஐயா/அம்மா). பெரிய எழுத்தில் பிள்ளையின் பெயர், அடையாள அட்டை எண், வராத தேதிகளின் அட்டவணை, விதியின் பெயர், கையெழுத்து. எல்லாம் மலாயில். யாரைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று ஒரு பெயர் அதில் இல்லை. அலுவலக எண் மட்டும் இருக்கிறது, அது மாலை வேலை விட்டு வந்து கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருக்கும். முகவரியோ பிள்ளையைச் சேர்த்தபோது கொடுத்தது. வாடகை வீட்டுக்காரர்கள் அதற்குள் இரண்டு முறை மாறியிருப்பார்கள். மாறாதவர்கள் வீட்டில் கடிதப் பெட்டியை முதலில் திறப்பது பள்ளிக்குப் போகாமல் இருக்கும் அதே பிள்ளைதான். மூன்று கடிதமும் அனுப்பியாயிற்று, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கோப்பில் எழுதப்படுகிறது. அம்மாவுக்கோ முதல் கடிதமே தெரியாது.

கடிதம் அனுப்ப வேண்டியது விதி, அனுப்புங்கள். அதோடு அரைப்பக்கம் தமிழில் இணையுங்கள்: பிள்ளை இத்தனை நாள் வரவில்லை, நாங்கள் தேடுகிறோம், இன்னார் என்ற ஆசிரியரை இந்த எண்ணில் இரவு 8 மணிக்கு மேல் கூப்பிடலாம், வரமுடியாதபடி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். சட்டப் பிரிவு வேண்டாம், மிரட்டல் வேண்டாம்.

கடிதத்துக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு. முதல் நாளே. மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தில் கைப்பேசி லாக்கரில் இருக்கும். காலை 9 மணிக்குக் கூப்பிட்டு ‘பதில் இல்லை’ என்று குறித்து வைப்பதில் பயனில்லை. முப்பது வினாடிக் குரல் பதிவைத் தமிழில் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள்: “அம்மா, பையன் இன்னிக்கு ஸ்கூலுக்கு வரல. உடம்பு நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். நேரம் இருக்கும்போது சொல்லுங்க.” மதிய இடைவேளையில் கேட்பார்கள். தமிழ் பேசும் ஆசிரியர் இல்லாத பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒன்று மட்டும்: பிள்ளை வராதபோது மட்டுமே பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், அந்த எண்ணைப் பார்த்ததும் எடுக்காமல் விடுவார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு முறை நல்ல செய்தி சொல்ல அழைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் நடக்கிறது. எப்படி நடக்கிறது என்றால், ஐந்தாறு பேர், கையில் அன்பளிப்புக் கூடை, வாசலில் அம்மாவையும் பிள்ளையையும் நடுவில் நிறுத்திப் படம். படம் ஒருபக்க அறிக்கைக்கு. பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்து பார்க்கிறது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும் என்றா எதிர்பார்க்கிறீர்கள்? இரண்டு பேர் போதும், ஒருவர் வகுப்பாசிரியர். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், 20 நிமிடத்துக்கு மேல் உட்காரக்கூடாது, பதிவேட்டை வெளியே எடுக்கக்கூடாது, படம் கூடாது. பெரியவர்கள் வீட்டில் இல்லையென்றால் உள்ளே போகாமல் திரும்பிவிட வேண்டும். வகுப்பாசிரியர்களுக்கு ஏற்கெனவே மூச்சு முட்டும் வேலை என்பது எங்களுக்குத் தெரியும். எங்களில் பலர் அந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவர்கள். அறிக்கையும் படமும் வேண்டாம் என்று முதல்வர் ஒரு வார்த்தை சொன்னால் பாதி சுமை இறங்கிவிடும்.

இடைநீக்கம் முடிந்து திரும்பி வரும் நாள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நாள். ஏழு நாள் கழித்து வருகிறான். அவன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். கணிதத்தில் இரண்டு அத்தியாயம் ஓடிவிட்டது. சபைகூடலில் மேடையேறி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். முதல் பாடத்தில் ஆசிரியர் “வந்துட்டாரு பெரிய மனுஷன்” என்கிறார். பத்து மணிக்குள் மறுபடி சண்டை, மறுபடி கந்தோங். இதைத் தடுக்க, மணி அடிக்குமுன் 15 நிமிடம் போதும்: அவன், வகுப்பாசிரியர், எந்த ஆசிரியரோடு பிரச்சினையோ அவர். என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அவன் அதற்கு என்ன செய்யப் போகிறான் என்ற மூன்று கேள்வி. எங்கே உட்கார்வான், விடுபட்ட பாடத்தை யாரிடம் வாங்குவான் என்பதை அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். மேடை வேண்டாம்.

கயிறு பற்றியும் ஒரு வார்த்தை. கோயிலில் வேண்டிக் கட்டிய கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டியபின் இரண்டு வாரம் வராத பிள்ளைகள் உண்டு. கழற்றச் சொல்ல வேண்டுமென்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அம்மாவே கழற்றி அனுப்புவார்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

வரும் திங்கட்கிழமையிலிருந்து வாசலைத் திறந்து வையுங்கள். பிந்தி வருகிறவர்களின் பெயர், நேரம், காரணம் மூன்றையும் குறித்துக்கொண்டு வகுப்புக்கு அனுப்புங்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை பிந்தினால் வீட்டில் என்ன என்று கேளுங்கள்.

எழுத்தில் இல்லாத இடைநீக்கம் எதுவும் வேண்டாம். பெற்றோரை அழைத்திருந்தால் அவர் வரும்வரை பிள்ளை வகுப்பில் இருக்கட்டும். பெற்றோரைச் சந்திக்க மாதத்தில் இரண்டு நாள் இரவு 8.30 வரை ஒருவர் பள்ளியில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். பள்ளியே திருப்பி அனுப்பிய நாள்களைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி, எச்சரிக்கைக் கடிதக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த ஆண்டு ஏற்கெனவே போன கடிதங்களில் அப்படிப்பட்ட நாள்கள் இருந்தால் கழித்துவிட்டுக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள்.

படிவம் ஒன்றுக்கும் புகுமுக வகுப்புக்கும் இந்தப் பருவத்துக்குள் பெயர்ப்பட்டியல் வேலையைச் செய்யுங்கள். எச்சரிக்கைக் கடிதத்தோடு இணைக்கும் தமிழ்ப் பக்கத்தை நாங்களே எழுதித் தருகிறோம், மலாய் மொழிபெயர்ப்போடு, காசு வேண்டாம். தமிழ் வகுப்பைப் பாட அட்டவணைக்குள் வையுங்கள்.

கடைசியாக, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான்கு எண்களைப் படிவம்வாரியாக, பெயரில்லாமல், வாசித்துக் காட்டுங்கள்: எச்சரிக்கைக் கடிதம் பெற்றவர், இடைநீக்கம் செய்யப்பட்டவர், வெளியேற்றப்பட்டவர், ‘தாமாக விலகுவதாக’ பெற்றோர் கையெழுத்திட்டுச் சென்றவர். நான்காவது எண்தான் எங்களுக்கு முக்கியம். வெளியேற்றம் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருக்கும் பள்ளிகளில் அந்த எண் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

இவற்றில் எதையாவது செய்ய இயலாது என்றால், காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மாலை வகுப்பு நடத்துநர்களும்
செபராங் பிறை, பினாங்கு